புது கேமில் தார் டின்னைக் காணோம்

இன்று மன்னார்புரத்தில் ஒரு செல்போன் கடைக்குப் போனேன். டிவியில் நான் சின்ன வயதில் ஆடிய பழைய சண்டை கேமைப் புதுசாக்கி ஓடவிட்டிருந்தார்கள். ஸ்ரீரங்கத்து வீடியோ கேம் கடையில் ஒரே காசில் மூன்று மணி நேரம் ஆடி, பாதி ஊரைக் கூட்டியவன் நான். சும்மா இருப்பேனா?

"ஏம்மா, தடிச்ச உதடும் கரிக்கட்டை உடம்புமா ஒரு வில்லன் வருவானே, எங்க அவன்?"

"அவனை மாத்திட்டாங்க சார். கறுப்பா இருக்கறவங்களைக் கேவலப்படுத்துற மாதிரி இருக்காம்" என்றது கல்லாவில் இருந்த பெண்.

"கேம்ல என்னம்மா கேவலம்? அவனுக்குத் தார் டின்னுன்னு பேரு வச்சதே நான்தான். எங்க செட்ல ஒருத்தனையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அப்புறம் திருச்சியே கூப்பிட்டுச்சு!"

பக்கத்தில் சார்ஜர் வாங்கிக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

அவனேதான்.

"உன் வேலைதானா அது? பொண்ணு பார்க்கப் போன எடத்துல கூட எவனோ அப்படித்தான்டா கூப்பிட்டான்."

"விளையாட்டுக்குத்தானடா..."

"சரி, என் பேரைச் சொல்லு."

கடையே என்னைப் பார்த்தது. அந்த வில்லனை வீழ்த்தும் பட்டன் வரிசை இன்னும் என் விரலில் இருக்கிறது. இவன் பெயர் மட்டும் வரவே இல்லை.

சார்ஜரைக் கல்லாமேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

கேமை மாற்றியது சரியா தப்பா என்று அடித்துக்கொள்பவர்கள் அடித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் என்னோடு ஆடியவர்கள் யாராவது இருந்தால், முதலில் அவன் பேரைக் கமெண்டில் போடுங்கள்.

அவன் அப்பா அம்மா வைத்த பேரை.