பூ மிதித்த கால்

அயர்லாந்துக்காரி ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாளாம். லைங் தாயாவுக்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது ஸயா செய்தி அனுப்பினார். ஸயா என்றால் இங்கே பர்மாவில் ஆசிரியர். எனக்குப் பயிற்சி கொடுத்த பர்மியக்காரர். கூடவே ஒரு படமும் வந்தது. கையில் பூங்கொத்து, பக்கத்தில் அவள் அம்மா, இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரிக்கிறார்கள். பார்த்ததும் எனக்கு வந்தது பொறாமைதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவளை நான் நேரில் பார்த்ததில்லை. நான் ஒருத்தி இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஆனால் நான் ஓடிய காலமெல்லாம் அவளைப் பார்த்துத்தான் ஓடினேன். ஸ்டீபிள்சேஸ் என்று அந்த ஓட்டத்துக்குப் பெயர். மற்றத் தடையோட்டங்களில் கால் இடித்தால் தடை விழும். இதில் தடை விழாது, கனத்த மரம், நாம்தான் விழுவோம். சுற்றுக்கு ஒரு தடைக்குப் பின்னால் தண்ணீர்க் குழி இருக்கும். மரத்தின் மேல் ஒரு காலை வைத்து, விரல்களால் அதைக் கவ்வி, உந்தித் தண்ணீரைத் தாண்ட வேண்டும். அயர்லாந்துக்காரி அப்படித் தாண்டும் காணொளியை ஸயா தன் போனில் நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்.

"பாத்தியா தமீ, குதிகால் எங்கயும் படல. எல்லாம் விரலோட வேல," என்பார் பர்மிய மொழியில். மகளே என்பதற்குத்தான் தமீ. அந்த ஒரு சொல்லுக்காகவே நான் எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஓடுவேன். அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அம்மா தாகேதாவில் எங்கள் சந்து முனையில் காலையில் இட்லி விற்கிறாள். வாங்க வருகிறவர்கள் எல்லாம் நம் தமிழ் ஜனங்கள்தான். இட்லிக்குத்தான் காசு, உபதேசம் ஓசி. "பொட்டப் புள்ளய அரை டவுசர் போட்டு ஓட விட்டிருக்கியே" என்பார்கள். அம்மா கரண்டியைக்கூட நிறுத்த மாட்டாள். "ஓடுறது எம்புள்ள, மூச்சு வாங்குறது ஒங்களுக்கா? இட்லி ஆறுது, எடுத்துட்டுப் போங்க" என்பாள். அப்படி எனக்காக ஊர் வாயை ஒற்றை ஆளாக அடைத்துக்கொண்டிருந்தவள் அவள். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அவளைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

ஒரு வருடம் பயிற்சியில் தடையில் மோதி என் கால் எலும்பில் விரிசல் விழுந்தது. கால் ஊன்றி மறுபடி ஓடினால் மகளைப் பூ மிதிக்க வைக்கிறேன் என்று அம்மா கோயிலில் வேண்டிக்கொண்டாள். கால் சரியாயிற்று. அடுத்த கோடையில் தேசிய அணிக்கான தேர்வு ஓட்டம் வந்தது. முதல் இரண்டு பேருக்கு இடம். கிடைத்தால் விடுதி, சம்பளம், வெளிநாட்டுப் போட்டி. ராணுவ அழைப்புக்குப் பயந்து பையன்கள் பாதிப் பேர் தாய்லாந்துக்கு ஓடிவிட்ட மைதானத்தில், நானும் இன்னும் சில பெண்களும் அந்த ஒன்றை நம்பித்தான் வெயிலில் கிடந்தோம். எனக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை. படிப்பும் ஏறவில்லை.

கோயில் திருவிழா தேர்வுக்குச் சற்று முன்னால் விழுந்தது. அடுத்த வருடம் மிதிக்கிறேனே என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"வேண்டுதல வச்சுக்கிட்டு ஓடுனா கால் வெளங்குமாடி? ஆத்தா குடுத்த காலு அது," என்றாள் அம்மா.

காப்புக் கட்டினேன். விரதம் இருந்தேன், ஒரு குறையும் வைக்கவில்லை. மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக வரிசையில் நின்றேன். பூக்குழியில் பாதம் முழுக்கப் பதிய, சப்பையாக மிதித்து, நிற்காமல் நடக்க வேண்டும். வருடா வருடம் மிதிப்பவர்களுக்கு அது தானாக வரும், யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்குப் பழகியிருந்ததோ வேறு. அனல் முகத்தில் அடித்ததும் உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது. குதிகாலைத் தூக்கி, விரல்களை ஊன்றி, உந்தி ஓடினேன். இடது கால் விரல்கள் கங்குக்குள் புதைந்தன. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு கங்கு மாட்டிக்கொண்டு, முடிவில் இருக்கும் பால்குழி வரை கூடவே வந்தது.

பாலில் காலை வைத்ததும் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. எங்கள் ஜனங்களுக்கு இந்த விஷயத்தில் ஒரே கணக்குத்தான்: சுத்தமாக இறங்கினால் பூ, குறையோடு இறங்கினால் நெருப்பு. கல்யாணமாகாத பெண்ணுக்குச் சுட்டுவிட்டால் என்ன குறை என்று ஊர் யோசிக்காது, தானே எழுதிக்கொள்ளும். தீட்டோடு இறங்கினாள், இல்லையென்றால் அதைவிடக் கேவலமாக ஏதாவது. அரை டவுசர் அன்றைக்கே சாட்சி சொல்லியிருக்கும். குழியின் மறுகரையில் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். "பாருங்க, எம்புள்ளய ஆத்தா பூவா தாங்கிட்டா," என்று அக்கம்பக்கத்தாரிடம் காட்டினாள். அவளைப் பார்த்துச் சிரித்தபடி நடந்து வந்தேன்.

அவளிடம் சொல்லவில்லை. ஸயாவிடம் சொன்னால் தேர்வில் ஓட விடமாட்டார், அவரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொண்டு, பயிற்சிக்காக என்றேன். கொப்புளம் தானாக வற்றிவிடும் என்று நம்பினேன். வற்றிக்கொண்டுதான் இருந்தது.

தேர்வுக்கு அம்மா முதன்முதலாக மைதானத்துக்கு வந்தாள், முந்தானையில் திருநீறு முடிந்துகொண்டு. காய்ந்து கிடந்த தண்ணீர்க் குழியை அன்றைக்கென்று மோட்டார் வைத்து நிரப்பியிருந்தார்கள், செம்மண் கலங்கல். முதல் சுற்றில் மரத்தின் மேல் விரல்களை ஊன்றியதுமே உள்ளே ஏதோ கிழிந்தது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் அந்தக் கலங்கல் தண்ணீர் ஷூவுக்குள் போனது. பட்ட காலிலே படும் என்பதை வெறும் பழமொழி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியும் இரண்டாவதாகத்தான் ஓடிக்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்றில் விரல்கள் மரத்தைக் கவ்வவில்லை. வழுக்கி, குழிக்குள் முகம் குப்புற விழுந்தேன். எழுந்து ஓடி முடிப்பதற்குள் மூன்று பேர் போய்விட்டார்கள்.

ஸயா ஓரமாக உட்கார வைத்து ஷூவைக் கழற்றினார். காலுறையோடு தோலும் வந்தது. "இது எப்ப பட்டது?" என்றார். அம்மா வந்து நின்றாள். பார்த்தாள். சட்டென்று குனிந்து முந்தானையால் என் காலை மூடினாள். திருநீறு ஈரத்தில் கொட்டியது.

"ஷூ கடிச்சிருச்சு ஸயா," என்றாள் பர்மிய மொழியில். பிறகு என் காதோரம் தமிழில் கேட்டாள்: "நம்மாளுங்க யாராச்சும் பாத்தாங்களாடி?"

வலிக்கிறதா என்று கேட்கவில்லை. அன்றைக்கு அவளை வெறுத்தேன். தோற்றதுகூட அவ்வளவு எரியவில்லை.

எங்கள் பக்கத்து ஸேகானில், அதுதான் சின்ன மருத்துவமனையில், காட்டக் கூடாது என்றுவிட்டாள். அங்கே மருந்து கட்டும் பெண் நம் சந்துக்காரி. நம்மை யாருக்கும் தெரியாத ஷ்வேப்யிதாவில் ஒரு மருத்துவரைக் கண்டுபிடித்து, பேருந்து மாறி மாறிப் போய்வந்தோம். இரண்டு முறை வழியில் மழை பிடித்துக் கட்டு நனைந்தது. சீழ் எலும்புவரை போயிருந்தது. கால் தப்பியது, பெருவிரல் மடங்காமல் போனது. மடங்காத விரலால் எந்த மரத்தையும் கவ்வ முடியாது. ஸயா ஒருமுறை வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார். என் ஓட்டம் அவ்வளவுதான். நான் இப்போது தையல் ஆலையில் நின்றுகொண்டே பிசிறு நூல் வெட்டுகிறேன்.

மாதங்கள் கழித்து ஒருநாள் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "வெரதத்துல எதுனா தப்பாயிருச்சாடி?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. விரலை ஊன்றி ஓடியதால்தான் சுட்டது, ஆத்தாவும் இல்லை கோத்தாவும் இல்லை என்று கத்தினேன். தன் வாயில் அடித்துக்கொண்டாள். என்னை அவள் நம்பவில்லை. என்னிடமும் குறை இல்லை, ஆத்தாவிடமும் குறை இருக்க முடியாது என்றால் குறை சொல்ல மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

அடுத்த திருவிழாவுக்கு அவளே காப்புக் கட்டிக்கொண்டாள். முட்டிவலிக்காரி, அதுவரை ஒருமுறைகூடப் பூ மிதித்ததில்லை. யாருக்காக என்று கேட்டவர்களிடம், மகளுக்கு நல்ல இடம் அமைய என்றாள். தடுத்தேன், கேட்கவில்லை. கூட்டத்தில் நின்று பார்த்தேன். நடுக்குழியில் முட்டி மடங்க, ஒரு கணம் நின்றுவிட்டாள். பிறகு நடந்து வந்துவிட்டாள். முகம் மலர்ந்துதான் இருந்தது.

"ஒன்னும் சுடலியா?" என்றார்கள்.

"பூவுல நடந்தாப்புல இருந்துச்சு," என்றாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வோர் அடிக்கும் அவள் நகங்கள் என் உள்ளங்கையில் இறங்கின. நான் அவள் காலைப் பார்க்கவில்லை. அவள் மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். சந்தில் எல்லோரும் வாசலில் நின்று எங்களைப் பார்த்தார்கள். வணக்கம் சொன்னவர்களுக்கு அம்மா நின்று பதில் வணக்கம் சொன்னாள். கதவைச் சாத்தும்வரை இரண்டு பேரும் நொண்டாமல் நடந்தோம்.