பாதித் திரைப் பொத்தான்

மயிலாப்பூரில் தனியாக வாழ்கிறேன் என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். இந்த ஊரில் யாரைத் தனியாக விட்டார்கள், என்னை விட? பிறவியிலேயே பெருமூளை வாதம். கைகால் தன் இஷ்டத்துக்கு இழுக்கும், பேச்சு குழறும். கீரை வாங்க என் மோட்டார் நாற்காலியைத் தெருவோரம் நிறுத்தினால் போதும், யாராவது ஓடிவந்து இரண்டு பக்கமும் வண்டிகளை மறித்து, போம்மா என்று கையைக் காட்டுவார். அத்தனை பேர் எனக்காக நிற்கும்போது போகாமல் இருக்க முடியுமா? போவேன். அவர் தலை மறைந்ததும் கீரைக்குத் திரும்பி வருவேன்.

இதற்காகவே ஃபோனில் ஒரு பேசும் செயலி வைத்திருக்கிறேன். பொத்தானைத் தொட்டால் எனக்குப் பதிலாகச் செய்தி வாசிக்கும் குரலில் அது பேசும். "வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்பதற்கு மட்டும் பாதித் திரையை அடைக்கும் பொத்தான். அதிகம் தேவைப்படுவது அதுதான்.

ஆனால் வீட்டு வாசலில் அந்த வீறாப்பு செல்லாது. தரைத்தளத்திலிருந்து தெருவுக்கு இறங்க மூன்று படிகள். வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், அகப்பட்ட இன்னும் இரண்டு பேர் சேர்ந்துதான் நாற்காலியோடு என்னை இறக்குவார்கள். நாலு பேர் தூக்கிப் போகிற பாக்கியம் மற்றவர்களுக்கு ஒரே முறை, எனக்குத் தினமும். மூன்று பேர்தான் கிடைத்தார்கள் என்றால் அன்றைக்கு நான் வீட்டுக்குள்தான்.

படியோரம் நாற்காலி இறங்கச் சரிவாக ஒரு ராம்ப் கட்டித் தரும்படி குடியிருப்போர் கூட்டத்தில் கேட்பதென்று முடிவுசெய்தேன். ராம்ப் வர வேண்டிய இடத்தில் செயலாளரின் ஸ்கூட்டர் காலங்காலமாக நின்றது. அதனால் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு சொற்பொழிவையே ஃபோனில் சேமித்துக்கொண்டு போனேன்.

அடுத்தது ராம்ப் விஷயம் என்று செயலாளர் வாசித்தார், என் முறை வந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பார்த்தால் என் கைக்குப் பிடிக்காது, துள்ளும். துள்ளிப்போய்ப் பெரிய பொத்தானில் விழுந்தது.

"வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன்."

பதறி அணைக்கப் போனேன். மறுபடியும் அதே வாக்கியம், இன்னும் கணீரென்று. செயலாளர் உருகிவிட்டார். என்ன தன்மானம் என்று சொல்லிக் கை தட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். அடுத்து தண்ணீர்த் தொட்டி கழுவும் விஷயத்துக்குப் போய்விட்டார். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது.

மாடி வீட்டு மாமி கையைத் தூக்கினாள். "ஃபோன் சொல்றதையா கேக்கறேள்? அவ மூஞ்சியப் பாருங்கோ. அவ வாயால சொல்லட்டும்."

ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். 'வே' தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. மேலே மின்விசிறி கிறீச்சிட்டது. யாரோ எடுத்துக்கொடுக்கப் பார்த்தார், மாமி முறைத்தாள். கடைசியில் எச்சிலோடு வந்து விழுந்தது.

"வேணும். எனக்கு வேணும்."

மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் மாதிரி செயலாளர் தன் ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்த்தார். சரிம்மா என்றார்.

ராம்ப் வந்த முதல் நாள் காலை, வாட்ச்மேன் பழக்கதோஷத்தில் ஓடிவந்து நாற்காலியைப் பிடித்தார். பெரிய பொத்தானைத் தொட்டேன். கையை எடுத்துவிட்டார். நான் இறங்கினேன், யாருடைய கையும் படாமல். சந்தோஷத்தில் உடம்பெல்லாம் உதறியது. தெருமுனையில் திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். முறைத்தேன்.

"உங்களுக்காக யாரு வந்தாங்கக்கா? நான் டீ குடிக்கப் போய்க்கினு கீறேன்" என்றார்.

டீக்கடை எங்கள் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது.