பிரஸ் ஷாப் குரல்

அப்போது எனக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், பிரஸ் ஷாப்பில் வேலை. மெஷின் தகட்டை அடிக்கிற அடியில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. கத்திக் கத்தியே எல்லோருக்கும் குரல் பெருத்துவிட்டது. படப்பையில் இருந்த வாடகை வீட்டுக்கும் அதே குரலோடுதான் வருவேன். "நீ பேசுனா பக்கத்து வூட்டுக்காரன் பதில் சொல்றான்யா" என்பாள் மனைவி.

எங்கள் மகளுக்கு மட்டும் அந்தக் குரலும் கேட்காது. பிறவியிலேயே அப்படி. மூன்று வயதில், அரசு காப்பீட்டில், அவளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் நடந்தது. உள்ளே ஒரு கருவி. வெளியே காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மெஷின். அதிலிருந்து ஒயரில் வரும் ஒரு வட்ட வில்லை காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். அதைப் போட்டால்தான் கேட்கும். இந்த வயதிலேயே தினமும் போட்டுக் கேட்டுப் பழகினால்தான் பேச்சு வரும் என்று டாக்டர் அடித்துச் சொன்னார்.

நான் விடுவேனா? ஷிப்ட் முடிந்து வந்ததும் அவள் எதிரில் உட்கார்ந்து, "அப்பா சொல்லு! அப்பா!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். இத்தனை நாள் கேட்காத காதுக்கு உரக்கச் சொன்னால்தான் ஏறும் என்று நினைத்தேன். அவள் முகத்தைச் சுளித்து வில்லையைப் பிடுங்கி எறிவாள். ஒரே மாதத்தில், நான் வாசலில் செருப்பைக் கழற்றினால் அவள் மெஷினைக் கழற்றினாள். எல்லாம் வீணாகிவிடுமோ என்று பயந்தேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் போய், மெஷின் சரியில்லை என்று சண்டை போட்டேன். அவர் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார்.

"மெஷின் நல்லா இருக்கு சார். வீட்லயும் இப்படித்தான் பேசுவீங்களா?"

"எப்படி?" என்றேன். வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சத்தத்த மெஷின் பாத்துக்கும். நீங்க கத்தினா அவளுக்குப் பேச்சு புரியாது, இரைச்சல்தான் கேக்கும். சோறு ஊட்டும்போது, சட்டை போடும்போது சாதாரணமா பேசிக்கிட்டே இருங்க."

எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் பழகினேன். குரல் ஏறினால் மனைவி தொடையில் கிள்ளுவாள். கம்பெனியில், "இன்னாபா, தொண்ட கட்டிக்கிச்சா?" என்று கிண்டல் செய்தார்கள். போங்கடா என்று விட்டுவிட்டேன். மகள் மெஷினைக் கழற்றுவது மெல்ல மெல்லக் குறைந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

சில மாதங்கள் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் குளிப்பாட்டித் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் அலமாரியில் இருந்தது. பழக்கதோஷத்தில் நான் பாட்டுக்கு ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். என் உதடு அசைவதைப் பார்த்தவள், சட்டென்று கையால் என் வாயைப் பொத்தினாள். அலமாரியைக் காட்டினாள். எடுத்து மாட்டிவிட்டேன். வில்லை ஒட்டிக்கொண்டதும் என் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்பா, பேசு" என்றாள்.

அழுதேன். அதை மட்டும் மெதுவாகச் செய்ய முடியவில்லை.