காரின் பம்பு துடிக்காத காலை

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஸ்ரீரங்கத்தில் என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தது. தென்னூர் ஆஸ்பத்திரிக்குப் போக அவளைப் பழைய காரில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினேன். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் மின்சார பம்பு டிக் டிக்கென்று துடிக்கவில்லை. முறைப்படி முதலில் ஃபியூஸைப் பார்த்தேன், பிறகு ஒயரை.

“பரீட்சையா எழுதுறீங்க?” என்றாள் அவள்.

அவளுடைய தம்பி குதிரை வண்டி பிடிக்க ஓடினான். பூஜைக்காகப் பம்பைக் கழற்றி வெள்ளிப் பெயிண்ட் அடித்த பக்திமான் அவன்தான். எர்த் ஒயர் தொடும் இடத்தையும் விடவில்லை. மின்சாரத்தைத் தடுத்த அந்தப் பெயிண்டைக் கத்தியால் சுரண்டியதும் பம்பு துடித்தது. அதற்குள் அவள் குதிரை வண்டியில் போய்விட்டாள்.

காவிரிப் பாலத்தில் வண்டியை எட்டிப் பிடித்து, “சரியாயிடுச்சு, ஏறிக்கோ” என்றேன்.

“குதிரை நடுவழியில நிக்காதுங்க. பின்னாடியே வாங்க” என்றாள் அவள்.

தென்னூர் வரை முதல் கியரிலேயே போனேன்.