கிளாஷா அத்தை உட்கார்ந்தாள்

லெனின்கிராடில் அந்த நாடக அரங்கில் கிளாஃபிராவுக்கு ஒரே வேலைதான். பாலே ஒத்திகைக்கு முன்னால் பூவாளியால் மரத்தரையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். தேய்ந்து வழவழப்பான மரம், காய்ந்திருந்தால் கால் வழுக்கிவிடும்; ஈரமிருந்தால்தான் பிடிக்கும். ஆடுகிற பெண்களுக்கு அவள் கிளாஷா அத்தை. புருஷன் பழைய போரில் செத்துப்போனான். மகள் லூஷா அதே அரங்கில் கூட்டத்தோடு கூட்டமாக ஆடினாள்.

தெளித்துவிட்டு மூலையில் நின்று பார்ப்பாள். அர்செனி லுகிச் நடனம் அமைக்கிறதைப் பார்க்க வேண்டுமே! இளவரசியும் கிடையாது, அன்னப்பறவையும் கிடையாது, கதையே கிடையாது. இசை சொல்வதை உடம்பு சொன்னால் போதும் என்பார். அந்த அரங்கில் அதற்கு முன் யாரும் அப்படித் துணிந்ததில்லை. மனிதர் எதையும் காகிதத்தில் எழுதமாட்டார், எல்லாம் ஆடுகிறவர்கள் உடம்பில்தான்.

முப்பத்தாறாம் வருடக் குளிர்காலத்தில் பத்திரிகையில் அவரைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். மக்களுக்குப் புரியாத ஆட்டமாம், அந்நியச் சரக்காம். அடுத்த நாளிலிருந்து ஒருவரும் அவர் பக்கத்தில் நின்று தேநீர் குடிக்கவில்லை. வாசலில் தினமும் ஒரு கறுப்புக் கார் நின்றது. அது ரகசியப் போலீஸ் கார் என்று குழந்தைக்கும் தெரியும். கிளாஷா ஒருநாள் அவரைத் தனியே பிடித்தாள்.

"தாஷ்கண்டுல உங்க அக்கா இருக்காங்கல்ல? இன்னைக்கே ரயிலேறிப் போயிடுங்க, அர்செனி லுகிச்."

"சனிக்கிழமை முதல் ஆட்டம். அதை விட்டுட்டு எங்க போறது? நீ தண்ணியப் பாத்து ஊத்து கிளாஷா. நேத்து என் பொண்ணுங்க நீச்சலடிச்சாங்க."

"உசிரு இருந்தாத்தானே ஆட்டம்!"

"நாலு நாள் திட்டிட்டு வேற ஆளப் பிடிச்சுக்குவாங்க, போ." சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டு அவளுக்கு எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, ஒத்திகைக்கு நடுவில் இருவர் உள்ளே வந்தார்கள். தோல் கோட்டுக்காரன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"சும்மா ஒரு பேச்சு. அரைமணில கொண்டாந்து விட்டுடறோம்."

அர்செனி லுகிச் நம்பினார். மப்ளரைக்கூட எடுக்கவில்லை. "மூணாவது பகுதிய மறுபடி ஆடிட்டு இருங்க, வந்துடறேன்" என்று பெண்களிடம் சொல்லிவிட்டுக் கதவை நோக்கி நடந்தார்.

கிளாஷா உட்கார்ந்துவிட்டாள். யோசித்துச் செய்யவில்லை. ருஷ்ய வீடுகளில் தூரப் பயணம் போகிறவர் கிளம்பும்போது வீட்டார் எல்லோரும் சற்று நேரம் பேசாமல் உட்கார வேண்டும். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், கால் தானாக மடங்கிவிட்டது. பூவாளியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். அவளைப் பார்த்து லூஷா ஈரத்தரையில் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"என்ன இது? அரைமணில வந்துடுவாருன்னு சொல்றேன்ல! எந்திரிங்க!" என்று கத்தினான் தோல் கோட்டுக்காரன். யாரும் அசையவில்லை.

அர்செனி லுகிச் திரும்பிப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் போனது. ஐயோ, அந்த அரைமணி நேரமாவது அவரை நம்பவிட்டிருக்கலாமே! அவரும் வாசலோர நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, ஆணியில் தொங்கிய மப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அவர்களோடு போனார்.

சனிக்கிழமை வேறு ஆட்டம் போட்டார்கள். அதன் பிறகு எந்தச் சுவரொட்டியிலும் அவர் பெயர் வரவில்லை, அவரும் வரவில்லை. அவர் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் லூஷா அடுப்பிலிருந்து கெட்டிலை எடுத்துத் திரும்பினால், அந்தத் திரும்பலில் மூன்றாவது பகுதி அப்படியே தெரியும். கிளாஷா பார்க்காத மாதிரி இருந்துகொள்வாள்.

சில வருடங்கள் கழித்து லூஷா வெளியூர் ஆட்டத்துக்குப் பெட்டி கட்டினாள். பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"வந்து உக்காரும்மா. ரயிலுக்கு நேரமாச்சு."

"நீ போயிட்டு வா."

"ஒரு நிமிஷம் உக்காந்தா என்ன குறைஞ்சுடும்?"

கிளாஷா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழகிய கால் தானாக மடங்கப் பார்த்தது. ஆனாலும் அவள் உட்காரவில்லை.