பெரியப்பாவின் பிரஷர் மாத்திரை

வாளைக் கருவாட்டின் மேல் பூத்திருக்கும் உப்பை விரல் நுனியால் வழித்து நாக்கில் வைத்தால், முதலில் கரித்துப் பிறகு மெல்லக் கசக்கும். திருவொற்றியூர்க் குப்பத்தில், கடலை ஒட்டிய மணலில் பழைய வலையை விரித்துப் பெரியம்மா கருவாடு காயவைத்த இடத்தில்தான் பள்ளி விட்டு வந்த என் மாலைகள் கழிந்தன. என் அம்மாவின் அக்கா அவள். கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு ராயபுரம் வரை விற்றுவிட்டு வந்து, ஒரு தனியார் கம்பெனியில் கிரேன் ஓட்டிய பெரியப்பாவுக்கு நேரம் தவறாமல் சோறு வடிக்க வேண்டும். பெரியப்பாவைப் பற்றி நல்லதாக எதையாவது சொல்லலாமா என்று யோசித்துப் பார்க்கிறேன். சட்டையை நன்றாக இஸ்திரி போட்டு உடுத்துவார்.

நான் ஏழாவது படிக்கையில் குப்பத்துக்கு வந்த சுகாதார நர்ஸ், பெரியம்மாவின் கையில் பட்டை கட்டிப் பார்த்துவிட்டு, "பிரஷர்" மிகவும் அதிகம், தலைவலி இல்லாவிட்டாலும் தினமும் மாத்திரை போட வேண்டும், அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே தருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா கொஞ்ச காலம் போய் வாங்கினாள். வரிசையில் நின்று திரும்புவதற்குள் மதியமாகி, சோறு தாமதமானது. பெரியப்பாவால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை. "கூடைய தூக்கிகினு ஊரு சுத்தறவளுக்கு இன்னா பிரஷர்? அதெல்லாம் குந்திகினு துன்றவங்களுக்கு வர்றது" என்று அவள் போவதை நிறுத்தினார். உடம்பில் ஒன்றும் தெரியவில்லையே என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒன்றும் தெரியாதுதான். அது ஏன் என்று நர்சிங் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ரத்தக்குழாய்கள் தெருக்குழாய் போல வெறும் குழாய்கள் அல்ல. அவற்றின் சுவரில் தசை இருக்கிறது, அது இறுகினால் அழுத்தம் ஏறும், தளர்ந்தால் இறங்கும். கழுத்து வழியே மூளைக்குப் போகும் பெரிய குழாயில் உள்ள நரம்பு முனைகள் அழுத்தத்தைப் பார்த்து மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. குனிந்து கருவாட்டைப் புரட்டிவிட்டுச் சட்டென்று நிமிரும் பெரியம்மா தலைசுற்றி விழாமல் இருந்தது அவற்றால்தான். எவ்வளவு உப்பையும் நீரையும் வைத்துக்கொள்வது, எவ்வளவை வெளியே தள்ளுவது என்று சிறுநீரகம் தன் பங்குக்குப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அழுத்தம் வருடக்கணக்கில் உயர்ந்தே இருந்தால், அந்த நரம்பு முனைகள் அதையே சரியான அளவென்று பழகிக்கொள்கின்றன. வெளியே ஒரு வலியும் இராது; உள்ளே குழாய்ச் சுவர் தடித்து விறைத்துக்கொண்டே போகும்.

அடுத்த வருடம் கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் பெரியப்பாவுக்கும் அதே பிரஷர் என்று தெரிந்தது. குறைகிற வரை கிரேனில் ஏறக்கூடாது என்றுவிட்டார்கள். அன்றிலிருந்து வீடே ஆஸ்பத்திரி ஆனது. காலையில் தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரை இருக்க வேண்டும். அவருக்கென்று உப்பு குறைத்துத் தனிக் குழம்பு. அவர் படுத்திருக்கும்போது பாத்திரச் சத்தம் கேட்டால் "பேஜாரு பண்ணாத" என்று ஒரு கத்தல். அத்தனையும் செய்த பெரியம்மா ஒரே ஒரு நாள், சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எனுக்கும் இதே பிரஷர்னுதானே அந்த நர்ஸம்மா சொல்லிச்சி?"

"நான் கிரேன் மேல ஏறுறவன்" என்றார் பெரியப்பா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நீ இன்னா, கூடைதானே தூக்குற."

பெரியம்மா அவருடைய உப்பு குறைந்த குழம்பை எடுத்து ஊற்றினாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில், மணலில் குனிந்து நிமிர்ந்த பெரியம்மாவின் வலது கையிலிருந்து கருவாடு நழுவியது. எடுக்கப் பார்த்தாள், விரல் மடங்கவில்லை. என்னைக் கூப்பிட வாயைத் திறந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, சொல்லாக ஒன்றும் வரவில்லை. நான் ஓடிப்போய் அம்மாவை அழைத்துவர, இருவருமாக அவளை ஆட்டோவில் ஏற்றினோம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். இதற்கு முன் பிரஷர் இருந்ததா, மாத்திரை எடுத்தாரா என்று கேட்டார். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்ற பெரியப்பா, "எனுக்கு ஒண்ணுமே தெரியாது சார், அவ சொல்லவே இல்ல" என்றார். கட்டிலில் கிடந்த பெரியம்மாவுக்கு அது கேட்டது. தொண்டையிலிருந்து என்னவோ சத்தம் வந்தது, நாக்கு புரளவில்லை. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேச்சில்லாமல் சில வருடங்கள் இருந்து பெரியம்மா போய்ச் சேர்ந்தாள். அந்த மணலும் இப்போது இல்லை. கடல் அரித்துத் தின்றதுபோக, மிச்சத்தின் மேல் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கருவாடு காயப்போட அங்கே யாரும் வருவதில்லை. பெரியப்பா இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வந்து கையை நீட்டுவார், நான் பட்டை கட்டிப் பார்த்துச் சொல்வேன். இந்த வயதிலும் அவருடைய அழுத்தம் ஒழுங்காகவே இருக்கிறது. போன வாரம் எண்ணைச் சொன்னதும் திருப்தியாகத் தலையாட்டி, "கட்டுப்பாடா இருக்கணும்மா. உங்க பெரிம்மா மாத்திர போட்டிருந்தா இன்னிக்கு இருந்திருப்பா, அவ யார் பேச்ச கேட்டா" என்றார்.

இத்தனை வருடங்களில் முதல்முறையாகச் சொன்னேன்: "நீதான் பெரிப்பா போவ வேணாம்னு நிறுத்துன."

 அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "எவ்ளோ கீதுன்னு சொன்ன?" என்று தன் பிரஷரை மறுபடி கேட்டார்.