மின்னிய பல்லும் மிஞ்சிய மானமும்

எழுபதுகளில் ஆஸ்திரேலியாவின் மெல்பனில் பல் சுகாதாரப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். இரண்டு முறை கைவிரித்த கல்லூரி, மூன்றாம் முறை என் தொல்லை தாங்காமல் சேர்த்துக்கொண்டது. பகலில் வகுப்பு, மாலையில் சமையல், தூக்கமெல்லாம் ரயிலில்.

இறுதிப் பரீட்சையில் சுத்தம்செய்து காட்டக் காறை படிந்த பல்லுள்ள ஒருவரை நாங்களே அழைத்துப்போக வேண்டும். என் கணவரின் பல்லிலிருந்த காறையை மாதக்கணக்காகப் பயிர்போல் காத்துவந்தேன். ஆனால், "உங்கள் பல் அழுக்கு, அதனால்தான் கூப்பிடுகிறேன்" என்று அவரிடம் எப்படிச் சொல்வது? காரணம் சொல்லாமல் பரீட்சைக்கு வரச் சொன்னேன்.

அன்று வாயைத் திறந்தார். பல் கண்ணாடியாக மின்னியது.

"என்னப்பா இது?"

"வெள்ளைக்காரருக்கு முன்னால ஊத்தைப் பல்லோட இருக்கிறதே? நேற்று ஒரு டொக்டரிட்டக் கிளீன் பண்ணுவிச்சனான்."

அழக்கூடத் தெம்பில்லை. நல்லவேளை, எங்கும் தனியே போகாத நம்மவர் வழக்கப்படி, சுருட்டுப் பிரியரான நண்பர் சிவத்தையும் துணைக்குக் கூட்டிவந்திருந்தார். வெளியே ஓடினேன்.

"சிவம் அண்ணை, ஒருக்கா வாயைத் திறவுங்கோ!"

உள்ளே மலைமலையாகக் காறை. பரீட்சகரும் சம்மதித்தார், தேறிவிட்டேன்.

இப்போதெல்லாம் யாருடைய பல் அழுக்கென்றாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு விருந்தினர் வரத்து குறைந்துவிட்டது. சமைத்துக் களைத்துப்போன எனக்கு அதுவும் நல்லதுதான்.